அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பான பசிபிக் 12 சிதைந்ததற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்கள் விலகியது மட்டும்தான் காரணமா?

கேட்ட விதத்தைப் பார்த்தால், 2022 ஜூன் 30 அன்று அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற வேறொரு கூட்டமைப்பில் சேரப்போவதாக அறிவித்ததையே நீங்கள் தொடக்கமாகக் கொள்கிறீர்கள் என்று தெரிகிறது. புல்மனில், அதே பசிபிக் 12-ஐச் சேர்ந்த வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து, கொட்டும் பனியிலும் கால்பந்து (அமெரிக்கக் கால்பந்துதான்) பார்த்தவன் என்ற முறையில், தவறு அதற்குப் பத்து மாதங்கள் முன்பே நடந்துவிட்டது என்பேன்.

2021 ஜூலையில் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்பை விட்டு எஸ்இசி என்ற கூட்டமைப்புக்குப் போவதென்று முடிவானபோது, பிக் 12-இல் எஞ்சிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் கதிகலங்கி நின்றன. அவற்றில் சிலவற்றையாவது இழுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில், ஆகஸ்ட் இறுதியில் எங்கள் கூட்டமைப்பு விரிவாக்கமே இல்லை என்று அறிவித்தது. அந்த எட்டில் ஒன்றில் படித்த டெக்சாஸ் நண்பரிடம் அன்றிரவே தொலைபேசியில், "உங்கள் ஊர்த் தூசியெல்லாம் எங்களுக்கு வேண்டாம்" என்று பெருமையடித்தேன். கோதுமை வயல்களுக்கு நடுவே முப்பத்து மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் படித்துவிட்டு இந்தப் பேச்சு!

பிக் 12 சில வாரங்களிலேயே பிஒய்யு, சின்சினாட்டி, ஹூஸ்டன், மத்திய ஃபுளோரிடா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களையும் அழைத்துக்கொண்டது. 2022 அக்டோபரில் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிறுவனங்களுடன் ஒளிபரப்பு ஒப்பந்தத்தையும் முந்திக்கொண்டு நீட்டித்தது. எங்கள் ஒப்பந்தம் 2024-இல் முடியவிருந்த நிலையில், நாங்களோ அடுத்த கோடை வரை பேரம் பேசி, கடைசியில் சந்தாதாரர் எண்ணிக்கைக்கேற்ப வருமானம் கூடும் ஆப்பிள் இணைய ஒளிபரப்பில் வந்து நின்றோம். 2023 ஜூலையில் கொலராடோ போனது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் போயின. செப்டம்பர் முதல் நாள் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்புக்குப் போக, ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் நாங்களும் மட்டும் மிஞ்சினோம்.

போனவர்களைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அழைப்பு வந்திருந்தால் நாங்களும் போயிருப்போம். ஆரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் (மிஞ்சிய எங்கள் இரண்டும் வேறு) ஒளிபரப்பு வருமானத்தில் முழுப் பங்கு இல்லாமலேயே பிக் டென்னில் சேர்ந்தன. டாலஸிலுள்ள எஸ்எம்யு பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகள் தொலைக்காட்சிப் பணமே வேண்டாமென்று அட்லாண்டிக்கில் நுழைந்தது. அவர்கள் இன்றைய பணத்தைவிட, நாளைய பங்கீட்டில் உட்கார இடம் பிடிப்பதையே பெரிதாக நினைத்தார்கள். எங்கள் தலைமைக்கு அது புரியவில்லை. இதற்கெல்லாம் நாடு முழுவதும் பறப்பது நீச்சலும் வாலிபாலும் ஆடும் பிள்ளைகள்தாம். அவர்களை யாரும் கேட்கவில்லை.

பிறகு 2024-இல் பாய்சி மாநிலப் பல்கலைக்கழகம் முதலிய ஐந்தை மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பிலிருந்து நாங்களே இழுத்தோம். கொன்சாகா பல்கலைக்கழகமும் சேர்ந்தது; ஆனால் அங்கே கால்பந்து அணி கிடையாது. விதிப்படி தேவையான எட்டாவது கால்பந்துப் பல்கலைக்கழகத்துக்காக 2025-இல் சான் மார்கோஸிலுள்ள டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்த்த அன்று, நண்பர் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இப்போது தூசி பரவாயில்லையா?"