இளவரசி தோற்கவே மாட்டாளா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். படிப்பை முடித்து வேலைக்குப் போகிறேன். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு தமிழ் ரோல்பிளே குழு இருக்கிறது; ஆளுக்கொரு கேரக்டராக மாறி, மாற்றி மாற்றிப் பதிவு போட்டுச் சேர்ந்து ஒரு கதை எழுதுவோம். அதில் ரொம்ப நாளாக எழுதி வருகிறேன். 1900 வாக்கில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம், அதில் கொஞ்சம் மாயம், ஆளுக்கொரு கேரக்டர். என் கேரக்டர் வேலாயி, களத்தில் எடைக்கணக்கு எழுதுகிறவள். புதிதாகச் சேர்ந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, துரையின் ரகசிய மகள் என்று ஓர் 'இளவரசி'யைக் கொண்டு வந்திருக்கிறாள். பதினாறு வயது, ஏழு மொழி, வாள்வீச்சு, கோபம் வந்தால் கண் பொன்னிறமாகும். சேர்வராயன் சாமியே கனவில் வந்து சக்தி கொடுத்தாராம். எந்தச் சண்டையிலும் ஒரு கீறல்கூட விழுவதில்லை. இன்னொருவருடைய கேரக்டர் எப்போதும் சுவரில் சாய்ந்து பேசாமல் நிற்கிறான். போன வாரம் அந்த மாணவி, 'இளவரசி நுழைந்ததும் வேலாயியின் கையிலிருந்த பேரேடு நழுவியது. அவள் கண்ணீரோடு காலில் விழுந்தாள்' என்று என் கேரக்டரையே எழுதிவிட்டாள். அதற்கப்புறம் எனக்கு எழுதவே மனம் வரவில்லை. நான் அளவுக்கு மீறிக் கோபப்படுகிறேனா? வேலாயிக்கும் ஏதாவது சக்தி கொடுத்துவிடவா? குழுவை விட்டே வந்துவிடவா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

கோபம் நியாயமானதுதான். நாலு பேர் சேர்ந்து எழுதுகிற கதையில் ஒருவருடைய கேரக்டர் மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு எழுத என்ன இருக்கிறது? ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அந்தப் பெண்ணின் கேரக்டர் சரியில்லை என்பது ஒன்று. அவள் வேலாயியைத் தன் இஷ்டத்துக்கு அழவைத்தாள் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமையே கூடாது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். அடுத்தவர் கேரக்டர் என்ன செய்தது, என்ன உணர்ந்தது என்று நாமே எழுதுவதை ரோல்பிளே ஆட்கள் காட்மாடிங் என்பார்கள். ஒழுங்காக நடக்கிற எந்தக் குழுவிலும் இதற்கு இடமில்லை. எழுதியது சின்னப் பெண்ணாக இருந்தாலும், தெரியாமல் செய்திருந்தாலும், அந்தப் பதிவு திருத்தப்பட வேண்டும். வேலாயி எப்போது அழுவாள், யார் காலில் விழுவாள் என்பதை நீங்கள் மட்டும்தான் எழுதலாம். இதை அட்மினிடம் நேராகச் சொல்லுங்கள். 'இளவரசி உள்ளே நுழைந்தாள், வேலாயியைப் பார்த்தாள்' என்பதோடு அந்தப் பதிவு நிற்கட்டும், மிச்சத்தை நான் எழுதுகிறேன் என்று கேளுங்கள். 'பரவாயில்லை, விடுங்க' என்று நீங்களே முதலில் சொல்லிவிடாதீர்கள். நம் பெண்களுக்கு அந்த வார்த்தை ரொம்பச் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது.

இப்போது இளவரசிக்கு வருவோம். இப்படிப்பட்ட கேரக்டர் ஒன்றும் புதிதில்லை. 1973-ல் அமெரிக்காவில் பாலா ஸ்மித் என்ற பெண்மணி, 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளைக் கேலி செய்து ஒரு குட்டிக்கதை எழுதினார். அதில் வருகிறவள் பதினைந்தரை வயதிலேயே விண்வெளிப் படையின் லெப்டினன்ட், படையிலேயே இளையவள். எல்லாமே அவளுக்குத் தெரியும், எல்லோருக்கும் அவள்மேல் பிரியம். அவள் பெயர் மேரி சூ. அதிலிருந்துதான் குறையே இல்லாத கேரக்டருக்கு அந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் அந்தப் பெயரை உங்கள் குழுவில் அந்த மாணவியை நோக்கி வீசாதீர்கள். பெரும்பாலும் பெண் கேரக்டர்கள் மேல்தான் அது ஒட்டப்படுகிறது. நூறு பேரைத் தனியாக அடித்து வீழ்த்தும் ஆண் கேரக்டரை அவ்வளவாக யாரும் அப்படிச் சொல்வதில்லை. பதினைந்து வயதில் ஒருத்தி, தன்னை மாதிரி ஒரு பெண் எல்லாவற்றிலும் ஜெயிக்க வேண்டும் என்று எழுத உட்காருவது எனக்கு நல்ல விஷயமாகத்தான் படுகிறது. அவளுக்கு ஆசை இருக்கிறது. எழுத்துப் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய கேரக்டரில் சக்தி அதிகமாக இருப்பது பிரச்சினையே இல்லை. அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை என்பதுதான் பிரச்சினை. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்திருப்பீர்கள். கர்ணனுக்கு இல்லாத சக்தியா? பிறக்கும்போதே கவச குண்டலம். ஆனால் அதைத் தானமாகக் கொடுத்துவிடுகிறான். கற்ற வித்தை, சாபத்தால் வேண்டிய நேரத்தில் மறந்துபோகிறது. தேர்ச்சக்கரம் மண்ணில் புதைகிறது. விடியற்காலைக் குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஊரே அவனுக்காக அழுவது அந்த இடத்தில்தான். அவன் எத்தனை பேரை ஜெயித்தான் என்ற கணக்கை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

1974-ல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. 'வாளை வீசினேன்' என்று சொன்னால் மட்டும் போதாது. இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எண் குறைவாக விழுந்தால் வீச்சு தவறும். ஆடுகிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தோல்வி தானாக வந்துவிடும். நீங்கள் ஆடுவதுபோல எழுத்திலேயே நடக்கும் ரோல்பிளேயில் பகடை கிடையாது. தோற்பதை எழுதுகிறவரே மனமுவந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கஷ்டம். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் குறைந்தாலே வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அட்மின் சம்மதித்தால் சண்டைக் காட்சிகளுக்கு மட்டும் தானாகப் பகடை உருட்டிச் சொல்லும் நிரல் (பாட்) ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பகடையிடம் தோற்றால் யார்மேலும் வருத்தம் இருக்காது.

அதைவிட நல்ல வழி கதைக்குள்ளேயே இருக்கிறது. காபி உங்கள் கையில் இருக்கும்போது வாள் எதற்கு? பழம் பறித்து, தோல் உரித்து, புளிக்கவைத்துக் கழுவின கொட்டை களத்தில் காய்கிறது. வெயில் இருக்கிறவரை ஆள் நின்று கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் குவித்து மூடாவிட்டால் பனியில் நனைந்து பூஞ்சை பிடிக்கும். ஏழு மொழி தெரிந்தவளுக்கு இது தெரியுமா? அவள் களத்துக்கு வருகிற காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்:

'வேலாயி பேரேட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "அம்மணி, பனி இறங்குது. ஆளுங்க எல்லாம் கீழ்க்காட்டுல இருக்காங்க. இந்தப் பக்கம் தார்ப்பாயைப் பிடிக்கிறீங்களா? இல்ல, முழுக்க வீணாப் போனா துரைகிட்ட நீங்களே பதில் சொல்லிக்கிறீங்களா?"'

இதில் நீங்கள் இளவரசியை அவமானப்படுத்தவில்லை, அவள் சார்பில் ஒரு அசைவைக்கூட எழுதவில்லை. ஆனால் பொன்னிறக் கண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. தார்ப்பாயைப் பிடிக்கலாம், மறுக்கலாம், தெரியாமல் தப்பாக மூடலாம். எதைச் செய்தாலும் அந்தப் பெண் முதல்முறையாகத் தன் கேரக்டரை ஒரு மனுஷியாக யோசித்தாக வேண்டும். அவள் எழுதுவது சுமாராக வந்தாலும் அடுத்த பதிவில் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள்.

கதைக்கு வெளியே அவளிடம் பேச வேண்டி வந்தால், பத்துக் குறைகளைப் பட்டியல் போடாதீர்கள். ஒரே ஒரு காட்சியைப் பற்றி மட்டும் பேசுங்கள். 'உன் இளவரசிக்குக் காபி பற்றி ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாமா? வேலாயி சொல்லிக்கொடுக்கிற மாதிரி நான் எழுதுகிறேன்' என்றால் அவளுக்கு அது குறை சொன்னதாகவே தோன்றாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவள் பள்ளி மாணவி, நீங்கள் வேலைக்குப் போகிறவர். தனிச்செய்தியில் பேசாமல், அட்மினையும் சேர்த்து வைத்துக்கொண்டு பேசுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம். கூச்சத்தில் எழுதுவதையே விட்டுவிடுவாள்.

சேர்வராயன் சாமி விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மலை உச்சியில் குகைக்குள் இருக்கிற அந்தக் கோயில் சாமி, அந்த மலையிலேயே வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும். துரை மகளுக்குக் கனவில் சக்தி கொடுக்க மட்டும் அந்தச் சாமி கதைக்குள் வருவது சரியில்லை. சாமி வரட்டும். கூடவே அந்தச் சாமியைக் கும்பிடுகிற ஒரு மலைக்கிராமத்துப் பெரியவரும் பேர் சொல்லிக் கதைக்குள் வரட்டும். இளவரசி அவரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கட்டும். அவளுடைய அந்தக் கனவு அப்போதுதான் கதையில் ஒட்டும்.

சுவரில் சாய்ந்து நிற்கிறவருக்கு இவ்வளவு வேண்டாம். அவர் பதிவில் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பதிவிலும் ஒரு கேள்வியோ, ஒரு செயலோ, கீழே விழுந்த ஒரு பொருளோ இருக்க வேண்டும் என்று குழுவில் பொதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்படியும் மாறாவிட்டால் அவர் சுவரோடு இருக்கட்டும். யாருக்கும் தொந்தரவில்லை.

வேலாயிக்குச் சக்தி கொடுக்கவே கொடுக்காதீர்கள். யார் எவ்வளவு பழம் பறித்தார்கள், மேஸ்திரி எடையில் எவ்வளவு அடித்தார் என்பது அந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைவிட என்ன வேண்டும்? நீங்கள் எழுதியிருப்பதிலேயே எனக்குப் பிடித்த கேரக்டர் அவள்தான். போட்டிக்காக அவளையும் பறக்கவிட்டால், குழுவில் கால் தரையில் பதிய நிற்கிற ஒரே ஆளையும் இழந்துவிடுவீர்கள்.

விலகுவதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லிப் பாருங்கள். 'அடுத்தவர் கேரக்டரை அசைக்கக் கூடாது' என்ற விதியை எழுதி மேலே பின் பண்ணச் சொல்லுங்கள். அட்மின் இரண்டையும் செய்தால் இருந்து எழுதுங்கள்; அந்த மாணவி தேறி வருவாள் என்று நம்புகிறேன். 'சின்னப் பொண்ணுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று தட்டிக்கழித்தால் தயங்காமல் வெளியே வாருங்கள். வேலாயி உங்களுடையவள், அவளையும் கூட்டிக்கொண்டு வந்து தனிக்கதையாக எழுதலாம். எதுவானாலும், இதுவரை எழுதிய பதிவுகளையெல்லாம் இன்றே ஒரு கோப்பில் நகல் எடுத்து வையுங்கள். டிஸ்கார்டில் அந்தக் குழுவை யாராவது அழித்துவிட்டால் அதிலிருக்கிற எழுத்தும் அதோடு போய்விடும்.