தொலைவிலிருந்து எறியும் கார்டின் மதிப்பு என்ன?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் கார்டுக்கு (guard, கூடையிலிருந்து தள்ளி நின்று பந்தை நகர்த்தி ஆடும் ஆட்டக்காரர்) ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்கு எளிது: அத்தகைய 100 எறிதல்களில் 35 விழுந்தாலே 105 புள்ளிகள், இரண்டு புள்ளி எறிதல்களில் அதை எட்ட 53 விழ வேண்டும். ஆயினும், அவருடைய பெரிய மதிப்பு பந்து அவர் கையில் இல்லாதபோதுதான் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

2008 நவம்பரில் டேவிட்சன் கல்லூரியை எதிர்கொண்ட மேரிலாந்தின் லயோலா அணி, முந்தைய பருவத்தில் 162 மூன்று புள்ளி எறிதல்களைக் கூடையில் சேர்த்திருந்த டேவிட்சனின் கார்டு ஸ்டீபன் கரியை ஆட்டம் நெடுக இருவரை வைத்து மறித்தது. கரி மூலையில் போய் நின்றுகொண்டார். மறித்த இருவரும் அவரை விட்டு அகலாததால், அவருடைய அணியினர் நால்வர் எஞ்சிய மூவரை எதிர்த்து ஆடினார்கள். அவர் ஒரு புள்ளிகூட எடுக்காத அந்த ஆட்டத்தில் டேவிட்சன் 78-48 என்று வென்றது.

வழக்கமான ஆட்டங்களில் இவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. ஆனால், இத்தகைய கார்டை மறிக்கும் எதிரணிக்காரர் தன் அணியினருக்கு உதவ ஓரடி உள்ளே வரத் தயங்கினாலே போதும், பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாயும் கார்டின் சக ஆட்டக்காரருக்கு வழி திறந்துவிடும்.