காரம் சுவையா, வலியா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்குக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாக்கையும் தோலையும் மூக்கையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் தருகிறோம்.

கேள்வி: அறுசுவையில் கார்ப்பும் ஒன்று என்று பள்ளியில் படித்தோம். காரம் சுவையே இல்லை, அது ஒருவகை வலி என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததாக என் மகள் வாதாடுகிறாள். செட்டிநாட்டுச் சமையலில் வளர்ந்த எனக்கு இதை நம்ப மனம் வரவில்லை. காரம் தலைக்கேறும்போது தண்ணீர் குடித்தாலும் அடங்காதது ஏன்? (வாசகி, தேவகோட்டை)

பதில்: உடலியல்படி உங்கள் மகள் சொல்வதே சரி. நாக்கிலுள்ள சுவை மொட்டுகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கையும், 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இகேடா எடுத்துக்காட்டிய உமாமி (இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் தெரியும் சுவை) என்ற ஐந்தாவதையும் உணர்கின்றன. காரத்தை உணர்வதோ முகம், வாய், கண் ஆகிய இடங்களிலிருந்து தொடுதலையும் சூட்டையும் வலியையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் முப்பிரிவு நரம்பின் நுனிகள். மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைத் தொட்டவர்களுக்கு இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை; கண்ணில் சுவை மொட்டு ஒன்றுகூடக் கிடையாது, ஆனாலும் எரிகிறது. துவர்ப்பும் பெரும்பாலும் இதே இனந்தான். வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் உள்ள டானின்கள் எச்சிலில் இருக்கும் புரதங்களோடு சேர்ந்துகொள்வதால் வாயின் வழுவழுப்பு குறைந்து, நாக்கை இழுத்துப் பிடிப்பது போன்ற தொடு உணர்வு உண்டாகிறது. ஆக, அறுசுவையில் இரண்டு தொடு உணர்வின் பாற்பட்டவை. அதற்காக நம் முன்னோர் பிழையாக வகுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உண்பவரின் அனுபவத்தை வைத்து அவர்கள் பிரித்தார்கள். நரம்பை வைத்து இன்றைய உடலியல் பிரிக்கிறது.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருள் கேப்சைசின். விதையில்தான் காரம் இருக்கிறது என்று பலரும் எண்ணினாலும், அது சுரப்பது விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய சவ்வில்தான். விதையின்மேல் காணப்படுவது பெரும்பாலும் அங்கிருந்து ஒட்டியது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் பணியாற்றிய டேவிட் ஜூலியஸின் குழு, நரம்பு நுனியில் கேப்சைசின் வந்து பொருந்தும், கதவுபோல் திறக்கும் புரத வாயிலை 1997இல் கண்டறிந்தது. டிஆர்பிவி1 என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலும் திறக்கும் என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் சுவாரசியமான பகுதி. கொதிக்கும் ரசம் நாக்கில் பட்டால் எந்த வாயில் திறக்குமோ, அதே வாயிலை மிளகாய் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. ‘வாய் சுடுகிறது’ என்ற செய்தி போய்ச் சேர்ந்ததும், உண்மையில் சூடு இல்லை என்பதை அறியாத மூளை, உடலைத் தணிக்க நெற்றியில் வியர்வையை வரவழைக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கண் கலங்குகிறது. இந்த ஆய்வுக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜூலியஸுக்கும், அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மிளகாய், போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகே நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் அடுக்களையில் காரத்தின் பொறுப்பை ஏற்றிருந்த மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளும், கேப்சைசினைவிடக் குறைந்த வலுவோடு, இதே வாயிலைத்தான் திறக்கிறது. வரமிளகாயும் மிளகும் சேர்ந்து அரைபடும் செட்டிநாட்டுக் கோழிக் குழம்பு, ஒரே கதவை இரண்டு பேர் தட்டுவதற்கு ஒப்பானது.

இனி தண்ணீர். கேப்சைசின் எண்ணெயில் கரையும். தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. ஆகையால் வாய் நிறையத் தண்ணீர் குடிக்கும்போது அதன் குளிர்ச்சி மட்டும் சில நொடிகள் இதம் தருகிறது. ஒட்டியிருக்கும் கேப்சைசின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துச் செல்வதால் அவை உண்மையாகவே பயன்படுகின்றன. தண்ணீராக நீர்த்த மோரைவிடக் கெட்டித் தயிர் மேல். தொடர்ந்து காரம் உண்பவர்களின் நரம்பு நுனிகள் நாளடைவில் மந்தமாகிவிடுவதால்தான் உங்கள் வீட்டுக் குழம்பு உங்களுக்கு அளவாகவும் வெளியூர் விருந்தினருக்கு அளவுக்கு மீறியும் தோன்றுகிறது. இந்த மந்தமாகும் தன்மையைப் பயன்படுத்தித்தான் மூட்டுவலிக்குப் பூசும் சில களிம்புகளில் கேப்சைசின் சேர்க்கிறார்கள்.

செடிக்கு இதனால் என்ன ஆதாயம் என்ற கேள்வியும் இங்கே எழும். பறவைகளிடமும் இதே வாயில் உண்டு. ஆனால் அது கேப்சைசினுக்குத் திறப்பதில்லை. கொல்லையில் பழுத்த மிளகாயைக் கிளி கொத்தித் தின்றுவிட்டு நிம்மதியாகப் பறந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். பாலூட்டிகளின் கடைவாய்ப் பற்கள் விதையை நசுக்கிக் கெடுத்துவிடும். பறவைகளோ விதையை முழுதாக விழுங்கித் தொலைவில் எச்சத்தோடு இடுகின்றன. காட்டு மிளகாயை வைத்து ஜோஷுவா டியூக்ஸ்பரி, கேரி நப்ஹான் ஆகிய இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, விதையைக் கெடுப்பவற்றை விரட்டிப் பரப்புபவற்றை அனுமதிக்கும் ஏற்பாடாகக் காரம் செயல்படுகிறது என்று காட்டியது. அந்த விரட்டலுக்கு அஞ்சாமல் அதையே தேடி உண்ணும் மிகச் சில பாலூட்டிகளில் மனிதனும் ஒருவன்.

கேள்வி: புதினா மிட்டாய் சாப்பிட்டபின் சாதாரணத் தண்ணீர் குடித்தாலும் ஐஸ் தண்ணீர் போல ஜில்லென்று இருக்கிறதே? (பள்ளி மாணவர், புதுவயல்)

பதில்: முந்தைய பதிலின் மறுபக்கம் இது. குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்8 என்ற வாயில் 2002இல் கண்டறியப்பட்டது. புதினாவில் உள்ள மென்தால் அதைத் திறப்பதோடு, மிகச் சிறிய குளிர்ச்சிக்கும் திறந்துகொள்ளும்படி செய்துவிடுகிறது. வாயின் வெப்பநிலையைவிடப் பானைத் தண்ணீர் சற்றுக் குளிர்ந்ததுதான் என்பதால், அந்தச் சிறு வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. தண்ணீரின் வெப்பநிலை மாறவில்லை.

கேள்வி: சித்திரை வெயிலிலும் எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நடந்தால் குளிர்கிறது. அதே இடத்தில் தொங்கும் தேக்கு ஊஞ்சல் பலகையில் கால் வைத்தால் குளிர்வதில்லை. கல்லில் குளிர்ச்சி தரும் பொருள் எதையோ கலக்கிறார்கள் என்று என் அப்பத்தா சொல்வார்கள். உண்மையா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: அப்படி எதுவும் கலப்பதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் கண்ணறைகளில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு இறுகச் செய்கிறார்கள். குளிர்ச்சியின் காரணத்தைக் கல்லில் பாதியும் காலில் பாதியுமாகத் தேட வேண்டும்.

ஒரு வெப்பமானியைச் சிறிது நேரம் தரையிலும் பிறகு பலகையிலும் வைத்துப் பாருங்கள். வெயில் நேரே படாத அறையாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். உள்ளங்காலின் தோல் பொதுவாக 30 டிகிரியை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும். நிழலான உள்வீட்டுத் தரை அதைவிடக் குறைவாக இருக்கும் வரையில் வெப்பம் காலிலிருந்து தரைக்குப் பாயும். சிமெண்டுக் கல் மரத்தைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதன் அடர்த்தியும் அதிகம் என்பதால் வந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மேலும் கேட்கிறது. பலகையிலோ கால் பட்ட இடம் உடனே காலின் சூட்டுக்கு வந்துவிடுவதால் பாய்ச்சல் நின்றுபோகிறது. நம் தோல், தொட்ட பொருளின் வெப்பநிலையைக் காட்டிலும் தன்னிடமிருந்து வெப்பம் வெளியேறும் வேகத்துக்கே அதிகம் செவிசாய்க்கிறது. கண்ணாடியின்மேல் வார்க்கப்பட்டதால் ஆத்தங்குடிக் கல்லின் முகம் வழுவழுப்பாக இருப்பதும், கால் இடைவெளியின்றிப் பதிந்து வெப்பம் எளிதாகக் கடக்க உதவுகிறது.

இதே காரணம் முற்றத்தில் தலைகீழாக வேலை செய்யும். நண்பகல் வெயிலில் காய்ந்த கல்லில் கால் வைக்க முடியாது. பக்கத்தில் அதே அளவு காய்ந்த மரப்பலகையில் ஓரளவு நிற்கலாம். உங்கள் வீட்டுத் தரை அந்த நிலைக்கு வராமல் காப்பவை, கனத்த சுவர்களும் உயர்ந்த மேல்தளமும், சூடான காற்று மேலேறி வெளியேற வழிவிடும் திறந்த முற்றமும், தரைக்கு அடியில் பகல் வெயில் எட்டாத மண்ணும். அப்பத்தாவிடம் சொல்லும்போது கட்டிய கொத்தனாருக்கும் பங்கு உண்டு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: விடுமுறையில் கண்மாயில் மணிக்கணக்காகக் குளித்துவிட்டு வரும் என் மகனின் விரல் நுனிகள் சுருங்கிப்போய் வருகின்றன. தோல் தண்ணீரை உறிஞ்சி ஊதுவதால்தானே? (வாசகி, திருப்பத்தூர் அருகில்)

பதில்: நெடுங்காலம் மருத்துவர்களும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். கையின் நடுநரம்பு அறுபட்ட நோயாளிகளுக்கு, அந்த நரம்பு செல்லும் விரல்கள் மட்டும் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் சுருங்குவதில்லை என்பது 1930களில் கவனிக்கப்பட்டது. வெறும் ஊறல் என்றால் நரம்பு இருந்தாலும் அறுந்தாலும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். விரல் நுனியின் வியர்வைத் துளைகள் வழியே தண்ணீர் புகுந்ததும், நம் கட்டுப்பாட்டில் இல்லாத தன்னியக்க நரம்புகள் உள்ளிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. உள்சதை வற்றுவதால் மேல்தோல் உள்ளிழுக்கப்பட்டு மடிப்பு விழுகிறது. கைநரம்பு நலமாக இருக்கிறதா என்று அறிய இதையே ஒரு சோதனையாக மருத்துவர்கள் பயன்படுத்துவதும் உண்டு.

இதனால் பயன் உண்டா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஈரமான கோலிக்குண்டுகளைச் சுருங்கிய விரல்கள் விரைவாக எடுத்து வைத்தன. உலர்ந்த குண்டுகளில் அந்த வேறுபாடு இல்லை. மறு ஆண்டே ஜெர்மனியில் வேறொரு குழு இதைப் போன்ற சோதனையைச் செய்து, அந்த ஆதாயம் தென்படவில்லை என்று அறிவித்தது. பின்னர் 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு, சுருங்கிய விரல்களுக்கு ஈரப்பொருளைப் பிடிக்கக் குறைந்த அழுத்தம் போதும் என்று காட்டியதால், பயன் உண்டு என்ற பக்கமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. உங்கள் மகனைப் பொறுத்தவரை கவலைப்பட எதுவுமில்லை. உலர்ந்த சிறிது நேரத்தில் விரல்கள் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கேள்வி: எங்கள் செம்மண் பூமியில் மழை பெய்வதற்கு முன்பே மண்வாசனை வந்துவிடுகிறது. ஈரம் படாத மண் எப்படி மணக்கும்? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: மணப்பது உங்கள் ஊர் மண்ணாக இருக்க வேண்டியதில்லை, சற்றுத் தொலைவில் பெய்யத் தொடங்கிய மழையிலிருந்து எழுந்த வாசனையை, மழைக்கு முன்னோடி வரும் காற்று சுமந்துவருகிறது. அந்த வாசனையின் முக்கியக் கூறு ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. கோடையில் செடிகொடிகள் வெளியிடும் எண்ணெய்ப் பொருள்கள் காய்ந்த மண்ணிலும் கல்லிலும் படிந்திருந்து அதனுடன் சேர்ந்துகொள்வதை, ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் ஆகியோர் 1964இல் எழுதினார்கள். துளி விழும்போது மண்ணின் நுண்துளைகளில் சிக்கிய காற்று குமிழ்களாக மேலேறி வெடித்து, வாசனையை நுண்திவலைகளாக வீசுவதை 2015இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்ஐடி) ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்தனர். தூறலிலும் மிதமான மழையிலும் இது நன்றாக நடக்கும், அடைமழையில் குறைந்துவிடும். முதல் தூறலுக்கே வாசனை அதிகம் என்று நம்மவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

லட்சம் கோடியில் சில பங்கு ஜியோஸ்மின் இருந்தாலே மனித மூக்கு அறிந்துவிடுகிறது. கண்மாய் மீனில் சில சமயம் வரும் சேற்று வாடையும், பீட்ரூட்டின் மண்மணமும் இதே பொருளால் வருபவை. அமிலம் ஜியோஸ்மினைச் சிதைத்து வாசனையற்ற பொருளாக்கிவிடும் என்பதால், கண்மாய் மீனைப் புளிக்கரைசலில் அலசிவிட்டுக் குழம்பு வைக்கும் ஆச்சிகளின் வழக்கத்தில் வேதியியல் சரியாகவே இருக்கிறது.

கேள்வி: சின்ன வெங்காயம் வதக்கும்போது வராத கண்ணீர், அரியும்போது மட்டும் வருவது ஏன்? (வாசகி, காரைக்குடி)

பதில்: வெங்காயத்தை அரியும்போது செல்கள் உடைந்து, தனித்தனி அறைகளில் இருந்த கந்தகச் சேர்மங்களும் நொதிகளும் கலக்கின்றன. அதனால் பிறக்கும் ஆவி கண்ணின் நரம்பு நுனிகளை உறுத்த, அதைக் கழுவி அகற்றவே கண்ணீர் சுரக்கிறது. அந்த ஆவியை உண்டாக்கும் கடைசி நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். வாணலியின் சூட்டில் நொதிகள் கெட்டுவிடுவதால் வதக்கும்போது புதிதாக ஆவி பிறப்பதில்லை. அரிவதற்கு அரைமணி நேரம் முன்பு வெங்காயத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நொதியின் வேகமும் ஆவியாதலும் குறையும். கூர்மையான கத்தி, செல்களை நசுக்காமல் வெட்டுவதால் அதுவும் உதவும்.