அலபாமாவை அவிச்ச கடலையில இருந்து ஆரம்பிங்க

கேள்வி: வீட்டுக்காரருக்கு அமெரிக்காவுல அலபாமா மாநிலம், ஹன்ட்ஸ்வில் ஊர்ல வேலை. ஜூன்ல நாங்களும் போறோம். பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 4. தலைநகரம், மாநிலப் பறவை, பூ எல்லாம் சார்ட்ல எழுதி ஒட்டினேன், ரெண்டும் திரும்பிக்கூட பாக்கல. பொண்ணு யூடியூப்ல டொர்னாடோ (சுழல்காத்து) வீடியோ பாத்துட்டு "நான் வரல"ன்னு அழறா. என்ன பண்றது?
– பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: முதல்ல அந்த சார்ட்ட கழட்டிடுங்க. நாலு வயசுப் பையன்கிட்ட தலைநகரம் எதுன்னு கேட்டா அம்மிச்சி வீடுன்னுதான் சொல்வான், அது தப்பும் இல்ல.

இன்னிக்கு சாயங்காலம் கல்லக்காய உப்பு போட்டு அவிச்சு தட்டுல கொட்டுங்க. அலபாமாவுலயும் ரோட்டோரத்துல இதையேதான் தோலோட அவிச்சு விக்கிறாங்க, பேரு மட்டும் பாயில்டு பீநட்ஸ். உரிச்சுத் தின்னுட்டு இருக்கும்போதே வண்டுக் கதைய எடுத்து விடுங்க. ஒரு காலத்துல அங்க பருத்திதான் எல்லாமே, மூக்கு நீண்ட ஒரு குட்டி வண்டு வந்து காய்க்குள்ள முட்டை வெச்சு வெள்ளாமைய மொத்தமா காலி பண்ணிடுச்சு, வேற வழியில்லாம கடலை போட்டவங்க நல்லா காசு பாத்துட்டாங்க, அந்த சந்தோஷத்துல என்டர்பிரைஸ்ங்கற ஊர்ல 1919ல அந்த வண்டுக்கே நினைவுச்சின்னம் வெச்சுட்டாங்க! ஒரு பொண்ணு சிலை, தலைக்கு மேல வண்ட தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கும். பூச்சிக்கு மருந்தடிச்ச ஊர் பாத்திருக்கோம், சிலை வெச்ச ஊர் இதுதான்.

பையனுக்கு மிஸ் பேக்கர். 1959ல ராக்கெட்ல விண்வெளி வரைக்கும் போய்ட்டு உசுரோட திரும்பி வந்த குட்டிக் குரங்கு, 1984 வரைக்கும் இருந்துச்சு. ஹன்ட்ஸ்வில் ராக்கெட் மியூசியம் வாசல்லயே அதோட கல்லறை, வர்றவங்க வாழைப்பழம் வெச்சுட்டுப் போவாங்க. உள்ள நிலாவுக்கு ஆள் அனுப்புன சாட்டர்ன் 5 ராக்கெட்டும் இருக்கு, அத 363 அடின்னு சொன்னா அவனுக்குப் புரியாது, நேர்ல பாத்துக்கட்டும்.

பொண்ணுக்கு ஹெலன் கெல்லர். பொறந்த வீடு டஸ்கம்பியாவுல, அந்த ஊரும் அலபாமாதான். கண்ணும் காதும் இல்லாத அந்தப் பொண்ணுக்கு 1887ல அடிபம்புத் தண்ணிய ஒரு கைல விட்டு இன்னொரு கைல எழுத்தெழுத்தா டீச்சர் எழுதிக் காட்டுனாங்க. நீங்களும் அவ கண்ணக் கட்டி குழாயடியில எழுதிப் பாருங்க.

அலபாமா தலைநகரம் மான்ட்கோமரியில நடந்த பஸ் கதைய மறைக்காதீங்க. வெள்ளைக்காரருக்கு சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டேன்னு 1955ல உக்காந்திருந்த ரோசா பார்க்ஸ்ங்கற கறுப்பினப் பெண்ணுக்காக கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறல. ஏழு வயசுக்கு இது நல்லாவே புரியும், "ஏன் எந்திரிக்கணும்?"னு அவளே கேப்பா.

டொர்னாடோ வராதுன்னு மட்டும் பொய் சொல்லிடாதீங்க. பெரிய சீசன் மார்ச்ல இருந்து மே வரைக்கும், நவம்பர்ல இன்னொரு சுத்து, அதனால ஜூன்ல போனா பழகிக்க டைம் இருக்கு. சைரன் அடிச்சா ஜன்னல் இல்லாத உள்ரூமுக்கு ஓடணும், கீழ்த்தளமா இருக்கணும். புது வீட்டுக்குப் போனதும் அந்த ரூம அவளையே கண்டுபிடிக்க விடுங்க, பை ரெடி பண்றதும் அவ பொறுப்பு: டார்ச், தண்ணி, ஷூ, தலைக்கு சைக்கிள் ஹெல்மெட். தம்பிக்கும் ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லுங்க.