அழுகிற வாரத்தில் முடிவெடுக்காதீர்கள், அக்கா

அக்கா, நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். பாதிக்கு மேல் அழுகைதான். தம்பிக்கு இரண்டாவது முறையும் ஐஐடி கிடைக்கவில்லை, இப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன் என்கிறான், இன்னொரு வருஷம் கோச்சிங்கில் போடட்டுமா, இல்லை கடனை வாங்கியாவது ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடட்டுமா, இன்றைக்கே சொல்லுங்கள் என்கிறீர்கள். இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் உடனே தெரிந்துகொள்ளுங்கள். ஐஐடியில் சேர எழுதுகிற ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேர்வை அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு தடவைதான் எழுதலாம், அவன் எழுதி முடித்துவிட்டான். அதற்கு முந்தைய கட்டத் தேர்வான ஜேஇஇ மெயினை மூன்றாவது வருஷமும் எழுதலாம், அதை வைத்து என்ஐடி என்கிற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கு முயலலாம், அவ்வளவுதான். அதனால் 'இன்னொரு வருஷம் ஐஐடி கோச்சிங்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம், புனிதர் கூப்பர்த்தினோ யோசேப்புக்கு நவநாள் (ஒன்பது நாள் ஜெபம்) சொன்னதாகவும் அவர் கைவிட்டுவிட்டதாகவும் சொன்னீர்கள். தேர்வு எழுதுகிறவர்களின் பாதுகாவலர், தனக்குத் தெரிந்த ஒரே பகுதியிலிருந்தே கேள்வி வந்து தேறியவர் என்று எல்லோரும் அந்தக் கதையைத்தான் சொல்கிறோம். (நானும் பிளஸ் டூவில் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன், எனக்குக் கேள்வி வேறு பாடத்திலிருந்து வந்தது.) அதற்கு முந்தைய கதையை யாரும் சொல்வதில்லை. கப்புச்சின் துறவிகளின் மடத்தில் தட்டுகளைக் கை தவறவிட்டு உடைத்ததால் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். பிறகு இன்னொரு பிரான்சிஸ்கன் மடத்தின் தொழுவத்தில் வேலை பார்த்து, அங்கிருந்துதான் மெல்ல மேலே வந்தார்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் நினைப்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரைத்தான். 1521-இல் ஸ்பெயினின் பாம்பிலோனா கோட்டையில் போர்வீரனாக இருந்தபோது பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கியது. எலும்பு கோணலாகச் சேர்ந்து துருத்திக்கொண்டு நின்றதும், பூட்ஸ் போட்டால் அசிங்கமாகத் தெரியுமே என்று, மயக்க மருந்தெல்லாம் இல்லாத அந்தக் காலத்தில் அதை அறுக்கச் சொன்ன மனிதர். அவ்வளவு வீம்பு. படுத்துக் கிடந்தபோது படிக்க வீரக் கதைகள் கேட்டார், வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். அப்போது தன் மனதையே கவனிக்க ஆரம்பித்தார். போர்வீரனாகப் பேர் வாங்குவதை நினைக்கும்போது சந்தோஷமாக இருந்தது, நினைப்பு முடிந்ததும் மனம் வறண்டுபோனது. புனிதர்கள் மாதிரி வாழ்வதை நினைத்தபோதும் சந்தோஷம் வந்தது, ஆனால் அது நினைப்பு முடிந்த பிறகும் தங்கியது.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் இதையேதான். 'நான் ஐஐடி' என்று சொல்லிக்கொள்ளும் கனவு கலைந்த பிறகு மனதில் என்ன மிஞ்சுகிறது? மாமா ஒர்க்‌ஷாப்பில் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு என்ன மிஞ்சுகிறது? தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், பதிலுக்கு அவசரப்படுத்தாமல்.

அதே இஞ்ஞாசியார் முப்பது வயது தாண்டி பார்சிலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். 1528-இல் பாரிசுக்குப் போய் அங்கே எம்.ஏ. முடித்தார். நீங்கள் ஒரு வருஷம் போச்சே என்கிறீர்கள். அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' புத்தகத்தில் ஒரு விதி உண்டு: மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில் புதிதாக எந்த முடிவையும் எடுக்காதே, தெளிவாக இருந்தபோது எடுத்ததிலேயே நில். நான் இன்றைக்குப் பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. பெரிய இறையியல் அறிஞரான புனிதர் தாமஸ் அக்குவினாஸின் வீட்டார் அவரை இத்தாலியின் மோன்தே கசீனோ மடத்துக்கு மடாதிபதி ஆக்க நினைத்தார்கள், அந்தக் காலத்தில் குடும்பத்துக்கே பெருமை தரும் பதவி. அவர் பிச்சை எடுத்து வாழும் தொமினிக்கன் துறவற சபையில் சேர்ந்தார். 1244-இல் அண்ணன்மார்கள் வழியில் மடக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள், அம்மா தியோடோராவின் சம்மதத்தோடுதான், கிட்டத்தட்ட ஒரு வருஷம் வீட்டுக் கோட்டையிலேயே அடைத்து வைத்தார்கள். பையன் அசையவில்லை, கடைசியில் விட வேண்டியதாயிற்று. நீங்கள் தம்பியின் போனை வாங்கி வைத்திருக்கிறீர்கள், ஒர்க்‌ஷாப் பக்கம் போகக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாலிடெக்னிக் என்றால் ஊரில் என்ன சொல்வார்கள் என்றும் கேட்டீர்கள். தையல் வேலையும் கற்றுக்கொண்டு பாதிரியார் ஆனவர்தான் சலேசியன் சபையை நிறுவிய தோன் போஸ்கோ. 1853-இல் இத்தாலியின் துரின் நகரில் அவர் பையன்களுக்குத் திறந்தது செருப்புத் தைக்கும் பட்டறையும் தையல் பட்டறையும். சரி, ஊரை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்: பிளஸ் டூ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. பட்டம் எங்கேயும் ஓடிப் போகாது. ஆனால் இதற்காகவே அவனை அங்கே தள்ளிவிடவும் வேண்டாம், ஒர்க்‌ஷாப் ஆசை உண்மையா, தேர்வு பயத்தில் ஒளிந்துகொள்ள ஓர் இடமா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மார்க் ஷீட் எல்லாம் எடுத்து வாருங்கள், கல்லூரி விளம்பர நோட்டீஸ் ஒன்றும் வேண்டாம். முதல் அரை மணி நேரம் அவனோடு மட்டும் பேசுவேன், நீங்கள் வெளியே உட்கார வேண்டும். அதுவரை எங்கேயும் அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்.