டி.பார்ம் படித்தவர் மருந்தகப் பொறுப்பாளர் ஆக முடியாதா?

டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) மட்டும் இருப்பதால்தான் பொறுப்பு கிடைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். டிப்ளமோவோடும் பொறுப்பாளர் ஆக முடியும். சட்டம் கேட்பது பதிவுபெற்ற மருந்தாளுநரைத்தான், பி.பார்ம் பட்டம் கட்டாயமில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நின்ற உங்களை விட்டுவிட்டு, புதிதாக வந்த பி.பார்ம் பையனுக்குப் பொறுப்பைக் கொடுத்தது நிர்வாகத்தின் முடிவு.

மாநில மருந்தாளுநர் கவுன்சிலில் உங்கள் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மருந்தகச் சுவரில் மாட்டியிருக்கும் படிவம் 20, 21 என்ற மருந்து விற்பனை உரிமங்களைப் பாருங்கள். மருந்தாளுநர் பெயர் அதில் இருக்கும். உங்கள் பெயர் இல்லையென்றால் முதலில் பதிவுச் சான்றின் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

பெயர் இருக்கிறதா? சரி, அப்போது மேலாளரிடம் போவதற்கு முன் ஒரு வேலையை முழுசாக உங்கள் கைக்குக் கொண்டு வாருங்கள். எச்1 அட்டவணை மருந்துகளின் (சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகள் போன்றவை) தனிப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். 3 வருஷம் பாதுகாக்க வேண்டிய பதிவேடு அது. நான் வேலை பார்த்த இடங்களில் யாரும் விரும்பி எடுத்ததில்லை. அப்புறம் இன்சுலின் ஃபிரிட்ஜ். காலையும் மாலையும் வெப்பநிலையை எழுதி வையுங்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். சித்திரை வெயிலில் கரண்ட் போன ஒரு மதியம், எந்தப் பெட்டியை ஒதுக்கி வைப்பது என்று என் நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அதற்கடுத்த மாதம் கொள்முதல் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஒன்று மட்டும். மருந்து ஆய்வாளர் வேலைக்குப் பட்டம் வேண்டும். டி.பார்மை வைத்து பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், ஆனால் 3 வருஷம் தினமும் கல்லூரிக்குப் போகணும். அஞ்சல் வழி பி.பார்ம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.