எந்த அலுவலகம், எந்தத் தாள்: கலிஃபோர்னியா கவுண்டிப் பதிவேடுகள் குறித்த கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அரசின் பதிவேடுகளைத் தேடுவது, கேட்டுப் பெறுவது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வீட்டு விற்பனைக்கு முன் பத்திரங்களைச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான்; வழக்கறிஞர் அல்ல. மாநிலத்தில் 58 கவுண்டிகள் உள்ளன. சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றாலும் இணையதளமும் படிவமும் கவுண்டிக்குக் கவுண்டி மாறும் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பல மனுக்கள் போட்ட அனுபவம் எனக்கு உண்டு. இங்கே அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தைக் குறிப்பிட்டுக் கவுண்டிக்கு எழுதினேன். அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று பதில் வந்துவிட்டது. தட்டிக்கழிக்கிறார்களா? (ஃப்ரீமாண்ட்)

பதில்: இல்லை, அவர்கள் சொன்னது சரிதான். நீங்கள் குறிப்பிட்ட 1966ஆம் ஆண்டுச் சட்டம் வாஷிங்டனில் உள்ள மத்திய அரசின் துறைகளை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. கவுண்டி, நகராட்சி, பள்ளி நிர்வாகம் ஆகியவற்றுக்கு உரியது கலிஃபோர்னியா பொதுப் பதிவேடுகள் சட்டம். 1968இல் ஆளுநராக இருந்த ரொனால்டு ரீகன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் உரிமையை, 2004இல் வாக்காளர்கள் 59ஆம் முன்மொழிவை (மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட யோசனை) ஏற்று மாநில அரசமைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். 2023 ஜனவரி முதல் இதன் பிரிவுகளுக்கு எண் மாறிவிட்டது; முன்பு 6250 என்று தொடங்கியது இப்போது 7920.000 என்று தொடங்குகிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் இன்னும் பழைய எண்தான் இருக்கும். அதற்காக உங்கள் கோரிக்கை செல்லாமல் போகாது, ஆனால் புதிய எண்ணைப் போடுவது நல்லது.

ஊரில் மனுப் போட்டவர்களுக்குச் சில வேறுபாடுகளைச் சொல்லியாக வேண்டும். அங்கே இந்தியக் குடிமக்கள் மட்டுமே கேட்க முடியும். இங்கே குடியுரிமை பார்ப்பதில்லை, ஆகவே வேலை விசாவில் வந்தவரும் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணமாகப் பத்து ரூபாய் போன்ற எதுவும் கிடையாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே உள்ள முதல் மேல்முறையீடு, தகவல் ஆணையம், அலுவலருக்கு அபராதம் ஆகியவை இங்கே இல்லை. அதைப் பற்றிப் பின்னால் வரும் ஒரு கேள்வியில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பகுதிச் சாலையைச் சீரமைக்க ஏன் இரண்டு மடங்கு செலவானது என்று கவுண்டிக்கு எழுதிக் கேட்டேன். “இதற்குரிய பதிவேடு எங்களிடம் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இது நியாயமா? (சாக்ரமெண்டோ)

பதில்: எனக்கு வரும் குறைகளில் பாதி இந்த வகைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சட்டம் தாளைக் கேட்கும் உரிமையைத் தருகிறதே தவிர, விளக்கம் கேட்கும் உரிமையைத் தரவில்லை. “ஏன்” என்று கேட்டால் அலுவலர் ஒரு பதிலை உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும், அப்படிப் புதிதாக எழுதித் தரும் கடமை அவருக்கு இல்லை. அந்த “ஏன்” எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்து, அந்தத் தாளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சாலை வேலை என்றால் ஒப்பந்தம், ஏலத்துக்கு வந்த விலைப்புள்ளிகள், வேலை நடக்கும்போது தொகையை உயர்த்திக் கையெழுத்தான ஒப்பந்தத் திருத்த ஆணைகள், ஒப்பந்தக்காரர் அனுப்பிய பில்கள் ஆகியவை இருந்தே தீரும். இரண்டு மடங்கு என்ற உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தத் திருத்த ஆணைகளில்தான் கிடக்கும். “இன்ன சாலைச் சீரமைப்புப் பணி தொடர்பாக 2022 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை பொதுப்பணித் துறையிடம் உள்ள மூல ஒப்பந்தம், அதன் எல்லாத் திருத்த ஆணைகள், பணம் வழங்கிய பில்கள் ஆகியவற்றை மின்னணு வடிவில் அனுப்பவும்” என்று எழுதினால், பதிவேடு இல்லை என்று சொல்ல இடமிருக்காது. சரியாகக் கேட்கத் தெரியாதவருக்கு, என்னென்ன பதிவேடுகள் உள்ளன, எப்படிக் கேட்கலாம் என்று உதவும் கடமையையும் சட்டம் அலுவலகத்தின் மீது வைத்திருக்கிறது. “ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு புள்ளி அறுநூறாம் பிரிவின்படி உதவி கேட்கிறேன்” என்று பணிவாக ஒரு வரி சேர்த்தால் பல அலுவலர்கள் தொலைபேசியிலேயே வழிகாட்டிவிடுவார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். பெரிய ஒப்பந்தங்கள், கவுண்டியை ஆளும், மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் குழுவின் கூட்டத்துக்கு வந்தே ஒப்புதல் பெறுகின்றன. உள்ளூர் அரசுக் குழுக்கள் வெளிப்படையாகக் கூட வேண்டும் என்று 1953இல் வந்த பிரௌன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட்டாக வேண்டும். அந்த நிரலோடு இணைத்திருக்கும் அலுவலர் அறிக்கையில் ஒப்பந்த எண், தொகை, துறை எல்லாமே இருக்கும். குழுவின் இணையதளத்தில் தேடி அந்த எண்ணை எடுத்துவிட்டால் உங்கள் கோரிக்கை இரண்டே வரியில் முடிந்துவிடும்.

கேள்வி: பத்து நாளில் தர வேண்டும் என்கிறார்களே, எனக்கு ஒன்றரை மாதம் ஆகியும் வரவில்லை. (டப்ளின்)

பதில்: பத்து நாளில் தர வேண்டும் என்பது பரவலான தவறான புரிதல். உங்கள் கோரிக்கைக்கு உட்பட்ட பதிவேடுகள் உள்ளனவா, அவற்றைத் தரலாமா என்று தீர்மானித்துச் சொல்வதற்குத்தான் பத்து நாள்; சிறப்புக் காரணங்களை எழுத்தில் சொல்லி இன்னும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். தரலாம் என்று முடிவானால், எப்போது தருவோம் என்று ஒரு உத்தேசத் தேதியையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்தத் தேதி சொல்லப்பட்டதா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் அதை மட்டும் கேட்டு எழுதுங்கள். கோரிக்கை பெரிதாக இருந்தால், கிடைத்தவற்றைக் கிடைத்த வரிசையில் பகுதி பகுதியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: மறைக்க வேண்டிய பகுதிகளை மறைக்க ஊழியருக்கு இத்தனை மணி நேரம் ஆகும், அதற்கு இத்தனை நூறு டாலர் கட்ட வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா ஐயா? (ஹேவர்ட்)

பதில்: ஐயா இல்லை, அம்மா! உங்கள் ஊர் பெயரிலேயே இதற்குத் தீர்ப்பு இருப்பது வேடிக்கை. ஹேவர்ட் நகரக் காவல்துறையின் உடல் கேமராக் காட்சிகளைத் தருவதற்கு, அவற்றைத் திருத்தும் நேரத்துக்கென்று 3,000 டாலருக்கு மேல் வாங்கினார்கள். தேசிய வழக்கறிஞர்கள் கூட்டமைப்பின் உள்ளூர்க் கிளை தொடுத்த அந்த வழக்கில், மறைக்கும் வேலைக்கான செலவைக் கேட்பவர் தலையில் கட்டக்கூடாது என்று 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகல் எடுக்கும் நேரடிச் செலவை மட்டுமே வாங்கலாம். அலுவலகத்தில் இல்லாத ஒரு தரவுத் தொகுப்பை உங்களுக்காகப் புதிதாகத் தொகுத்தோ நிரல் எழுதியோ எடுக்க வேண்டியிருந்தால் அது வேறு. அந்தச் செலவைக் கேட்க முடியும்.

ஆரஞ்சு கவுண்டி தன் நிலப்பார்சல் வரைபடத் தரவுகளுக்கு 3,75,000 டாலர் உரிமக் கட்டணம் கேட்டதும், சியரா கிளப் அமைப்பு வழக்காடி 2013இல் நகல் செலவுக்கே அதைப் பெற வழி செய்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. நேரில் போய்ப் பார்வையிடுவதற்குக் கட்டணமே இல்லை, பார்வையிடும்போது உங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. பத்திரப் பதிவாளரிடமும் பிறப்பு இறப்புப் பிரிவிலும் மட்டும் நகல்களுக்குத் தனிச் சட்டக் கட்டணங்கள் உள்ளன.

கேள்வி: சன்னிவேலில் ஒரு பழைய வீடு வாங்கப்போகிறோம். நம் ஊர் வில்லங்கச் சான்றிதழ் போல இங்கே கவுண்டியில் எதை வாங்குவது? (சாந்தா கிளாரா)

பதில்: அப்படி ஒரு சான்றிதழை எந்தக் கவுண்டியும் தராது. இங்கே பதிவாளர், வந்த பத்திரத்தைப் பதிந்து அட்டவணையில் ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார். உரிமை யாருக்கு என்று அவர் சொல்வதில்லை. அதனால்தான், பின்னால் உரிமையில் சிக்கல் வந்தால் இழப்பை ஈடுசெய்யும் உரிமைக் காப்பீட்டை எல்லோரும் எடுக்கிறார்கள், நீங்களும் அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் நீங்களே தேடிப் பார்ப்பதில் தவறில்லை, அதற்கு மூன்று அலுவலகங்கள் ஏற வேண்டும்.

முதலில் மதிப்பீட்டாளர் அலுவலகம். முகவரியைக் கொடுத்துப் பார்சல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், நம் சர்வே எண் போல அது. அங்கே காணும் மதிப்பைச் சந்தை விலை என்று எண்ணி ஏமாற வேண்டாம். 1978இல் வந்த 13ஆம் முன்மொழிவின்படி, வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. நாற்பது ஆண்டு ஒருவரே வைத்திருந்த வீட்டின் மதிப்பு பொம்மை விலைபோல் இருக்கும், நீங்கள் வாங்கியதும் வரி ஒரே தாவலாகத் தாவும்.

அடுத்து பதிவாளர் அலுவலகம். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர் என்று இரு அட்டவணைகள் உண்டு. இப்போதைய உரிமையாளரைப் பெற்றவர் பட்டியலில் தேடி, அவருக்கு விற்றவரை மறுபடி அதே பட்டியலில் தேடி, இப்படிப் பின்னோக்கி ஏற வேண்டும். பிறகு ஒவ்வொருவரையும் கொடுத்தவர் பட்டியலில் தேடினால் அவர்கள் வாங்கிய கடன்கள் தெரியும். கடனுக்கு எழுதும் நம்பிக்கைப் பத்திரம் ஒவ்வொன்றுக்கும், அந்தக் கடன் அடைந்ததைக் காட்டும் விடுவிப்புப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று ஜோடி சேர்த்துப் பாருங்கள். ஜோடி இல்லாமல் நிற்பதுதான் நம் மொழியில் வில்லங்கம். கிரயப் பத்திரத்தில் விலை எழுதியிருக்காது, ஆனால் கவுண்டியின் மாற்று வரி எழுதியிருக்கும். அது ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர் என்பதால், முழு விலைக்குக் கட்டிய வரி 1,650 என்றிருந்தால் விலை 15 லட்சம் டாலர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, கட்டட அனுமதி. இதற்குக் கவுண்டிக்குப் போகாதீர்கள். சன்னிவேல் நகராட்சிக்குப் போங்கள். எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளுக்கு மட்டுமே கவுண்டி அனுமதி தருகிறது. பின்புறம் கூட்டிக் கட்டிய அறைக்கு அனுமதியும் இறுதிச் சோதனைக் கையெழுத்தும் இருக்கின்றனவா என்பதைக் கட்டாயம் பாருங்கள். கட்டட வரைபடத்தை நேரில் பார்க்க விடுவார்கள், ஆனால் நகல் வேண்டுமென்றால் வரைந்தவரும் வீட்டு உரிமையாளரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டின் பழைய பத்திரத்தில், வெள்ளையர் தவிர வேறு யாரும் இங்கே குடியிருக்கக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. படித்ததும் உறக்கம் போய்விட்டது. இது இன்னும் செல்லுமா அக்கா?

பதில்: செல்லாது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றி வைக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இலேயே சொல்லிவிட்டது. ஆனால் பத்திரத்தைப் பதிந்த தாள் அப்படியே இருக்கிறது, வீடு விற்கும்போதெல்லாம் நகலாகக் கூடவே வருகிறது. இந்த மாநிலத்தின் பழைய மனைப்பிரிவுகளில் இந்த வரியை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன்; பணியில் சேர்ந்த புதிதில் எனக்கும் கை நின்றுபோனது. 2021இல் நிறைவேறிய ஏ.பி. 1466 சட்டத்தின்படி, கவுண்டிப் பதிவாளர்களே தம் பதிவேடுகளில் இவற்றைத் தேடி அடித்து மறைக்க வேண்டும். காத்திருக்க விருப்பமில்லையென்றால், கட்டுப்பாட்டு நிபந்தனைத் திருத்தப் படிவத்தை நீங்களே கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. மூலப் பிரதியை அழிப்பதில்லை. வரலாற்றுச் சான்றாகத் தனியே வைத்திருப்பார்கள்.

கேள்வி: இங்கே பிறந்த மகளின் பிறப்புச் சான்றிதழை இந்தியாவில் கொடுக்க வேண்டும். பொதுப் பதிவேட்டுக் கோரிக்கையாக அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், அதற்குத் தனி வழி இருக்கிறது. மகள் பிறந்த கவுண்டியின் கிளார்க்-பதிவாளரிடம், பெற்றோர் என்ற முறையில் “அங்கீகரிக்கப்பட்ட நகல்” கேளுங்கள். யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய “தகவல் நகல்” ஒன்றும் உண்டு. அடையாளத்துக்குச் செல்லாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், அதை வாங்கி ஏமாறாதீர்கள். அஞ்சலில் கேட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி தேவை. பிறகு மாநிலச் செயலர் அலுவலகத்தில் 20 டாலர் கட்டி, வெளிநாட்டில் ஆவணம் செல்லும்படி சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும். சான்றிதழில் உள்ளூர்ச் சுகாதார அலுவலரின் கையெழுத்து மட்டும் இருந்தால், முதலில் கவுண்டி கிளார்க்கின் சான்று வாங்கி வரும்படி திருப்பி அனுப்புவார்கள். ஆகவே நகலை வாங்கும்போதே அது அப்போஸ்டிலுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மேற்பார்வையாளர் ஒருவர் கட்டட நிறுவனத்தாரோடு தம் சொந்தக் கைபேசியில்தான் எல்லாம் பேசுகிறாராம். அதைக் கேட்க முடியுமா?

பதில்: அரசுப் பணி பற்றிய செய்திகளாக இருந்தால் கேட்கலாம். சொந்தக் கணக்கில் அனுப்பினாலும் அவை பொதுப் பதிவேடுகளே என்று சான் ஹோசே நகரத்துக்கு எதிரான வழக்கில் 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைபேசியை யாரும் பறித்துப் பார்க்க மாட்டார்கள். அவரே தேடி எடுத்துத் தருவார், தராதவை ஏன் அரசுப் பணி சார்ந்தவை அல்ல என்று உறுதிமொழியும் தரலாம். தேதி வரம்பையும் திட்டத்தின் பெயரையும் குறிப்பிடாமல் கேட்டால் ஒன்றும் வராது.

கேள்வி: விவாகரத்து வழக்கின் கோப்பைக் கவுண்டியில் கேட்டால் இல்லை என்கிறார்கள்.

பதில்: கவுண்டியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் மேல்நிலை நீதிமன்றம் மாநிலத்தின் நீதித்துறையைச் சேர்ந்தது, இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. நீதிமன்றக் கிளார்க்கிடம் வழக்கு எண்ணோடு போங்கள்.

கேள்வி: முழுவதும் மறுத்துவிட்டார்கள். இனி யாரிடம் முறையிடுவது?

பதில்: மேல்முறையீட்டு அலுவலர் என்று ஒருவர் இல்லாததால் அடுத்த படி மேல்நிலை நீதிமன்றம்தான். வழக்கில் நீங்கள் வென்றால் உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தை அரசே தர வேண்டும் என்பதால் சில வழக்கறிஞர்கள் துணிந்து எடுப்பார்கள். தோற்றாலும், வழக்கு வெளிப்படையாகவே வீணானது என்றால் ஒழிய எதிர்த்தரப்புச் செலவு உங்கள் மேல் விழாது.

அதற்கு முன், மறுப்புக் கடிதத்தை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த விலக்குப் பிரிவு, முடிவெடுத்தவரின் பெயரும் பதவியும், மறைக்க வேண்டிய பகுதி போக மீதியை ஏன் தரவில்லை என்பது. ஒருமுறை ஓர் அலுவலகம், வழக்கறிஞர் ஆலோசனை என்று சொல்லி எனக்கு முழுக் கோப்பையும் மறுத்தது. சண்டைக்குப் போகாமல், “கோப்பில் உள்ள பில்களும் வெளியாருக்கு அனுப்பிய கடிதங்களும் ஆலோசனை ஆகுமா” என்று மட்டும் எழுதினேன். இரண்டு வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் வந்தன, எனக்கு வேண்டியது அவற்றிலேயே இருந்தது.

கேள்வி: கவுண்டி அதிகாரிகளின் சம்பளத்துக்கு எப்படி மனு எழுதுவது?

பதில்: மனுவே வேண்டாம். மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளரின் அரசு ஊதியத் தளத்தில் கவுண்டியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பதவி வாரியாகப் பட்டியல் வரும். குறிப்பிட்ட ஒருவரின் பெயரோடு வேண்டுமென்றால் மட்டும் கவுண்டிக்கு எழுதுங்கள். அரசு ஊழியரின் பெயரும் ஊதியமும் பொதுவானவை என்று 2007இலேயே தீர்ப்பாகிவிட்டது.